இருமக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன்

சோதிக்க ஆள் வருகிறது என்றால் குறையைச் சரிசெய்கிறவர்கள் சிலர். குறையின் மேல் நல்லதாக ஒரு துணியை விரிப்பவர்கள் பலர். நான் இரண்டாவது வேலைக்குச் சம்பளம் வாங்கி, அதிலேயே ஓய்வும் பெற்றவள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆடிட் மேலாளராக இருந்தேன். எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தொழிற்சாலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அதற்கு முந்தைய வாரம் ஊரில் பினாயில் தட்டுப்பாடே வந்துவிடும். தீயணைப்பு வாளிக்குப் புதுச் சிவப்பு பெயிண்ட் அடிப்போம். முதலுதவிப் பெட்டிக்குள் (அதுவரை யாருடைய டிபன் பாக்ஸோ குடியிருந்த இடத்தில்) பஞ்சும் பிளாஸ்திரியும் வைப்போம். தையல் பகுதிப் பெண்களை உட்காரவைத்து நான் பாடம் எடுப்பேன்: "கேட்டதுக்கு மட்டும் பதில். நீங்களா எதையும் ஆரம்பிக்காதீங்க. பசை வாடைக்கு இருமல் வந்தா, அவங்க போற வரைக்கும் அடக்கிக்கோங்க."

எங்கள் கம்பெனி எந்த ஆடிட்டிலும் தோற்றதில்லை. அதனால் உலகத்தில் சோதனை என்று எது நடந்தாலும் இந்த முறையில்தான் நடக்கும் என்று நம்பிவிட்டேன்.

அப்போதுதான் என் கணவர் தாமஸுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர். கையும் காலும் ஓரளவுக்குத் திரும்பி வந்தன. பேச்சும் கொஞ்சம் குழறலோடு வந்தது. தொண்டை மட்டும் வரவில்லை. வாயில் வைத்தது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நிமோனியாவாகி, ஐசியூ வரைக்கும் கொண்டுபோனது. பிழைத்து வந்தபோது மூக்கில் ஒரு குழாய். கஞ்சி, பால், மாத்திரைத் தூள் எல்லாம் அதன் வழிதான். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று உத்தரவு.

வேலூரில் விழுங்க முடியாத பெரியவர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது என்று அங்கே அனுப்பினார்கள். தொண்டை டாக்டர், விழுங்கும் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட், எக்ஸ்ரே டாக்டர், உணவு ஆலோசகர், எப்படி உட்கார வேண்டும் என்று சொல்ல ஒரு பிசியோ, எல்லாரையும் மேய்க்க ஒரு சிஸ்டர். ஒரு தொண்டைக்கு இத்தனை பேர். இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்வார்கள்: இவர் வாயால் சாப்பிடப் பழகலாம், அல்லது வயிற்றில் துளை போட்டு அங்கேயே குழாய் வைத்துவிடலாம்.

"வயித்துல ஓட்டை போட்டா அதோட நான் காலி மேடம். சொல்லிட்டேன்," என்றார் தாமஸ். (கம்பெனிப் பெண்கள் என்னை மேடம் என்று கூப்பிட்டதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்கும் நான் மேடம்தான்.) விளையாட்டாகச் சொல்லவில்லை. மூக்குக் குழாயை ஒருதரம் அவரே பிடுங்கிப் போட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் என்னோடு உட்காருவதையும் நிறுத்தியிருந்தார். நான் சாப்பிடும் நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஆகவே அவர் தேறியே ஆக வேண்டும். ஒரு ஆடிட்டைத் தேறவைக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

என்ன சோதிப்பார்கள் என்பதைப் பழைய ஆஸ்பத்திரியிலேயே நோட்டம் விட்டிருந்தேன். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். பிறகு 'ஆ' சொல்லச் சொல்வார்கள். இருமினாலோ, குரல் களகளவென்று வந்தாலோ முகம் மாறும். போதுமே! வீட்டில் பாடம் தொடங்கிவிட்டது. தண்ணீர் கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை. (எந்த அளவுக்கு என்பது கீழே.)

"எச்சிலை முழுங்குங்க. இருமல் வருதா? வரட்டும். வெளிய விடாதீங்க. மூக்கால மெதுவா மூச்சு விடுங்க. இப்ப 'ஆ' சொல்லுங்க."

"ஆ..."

"சிரிச்ச முகமா சொல்லுங்க."

"இன்னா மேடம், போட்டோவா எடுக்கப் போறாங்க?"

"எடுப்பாங்க. எக்ஸ்ரே."

அந்த நாளும் வந்தது. காரில் போகும்போது நான் வேலூர் வந்துவிட்டதா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ தையல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் போலப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

தெரபிஸ்ட் நஸ்ரின், மேல்விஷாரத்துப் பெண். "வாங்க சார், வாங்கம்மா" என்று உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். தாமஸ் விழுங்கினார். கண் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. இருமவில்லை. சிரித்த முகமாக 'ஆ' என்றார். நஸ்ரின் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு, ஏனோ, என்னையும் ஒருமுறை பார்த்தாள்.

அடுத்து அசையும் எக்ஸ்ரே. படத்தில் தெரிவதற்காக வெள்ளை மருந்து கலந்த நீரைக் குடிக்க வேண்டும். கப்பைப் பார்த்த தாமஸ், "ஆயுசு பூரா தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில போட்டேன். இப்ப என்னையே போடுறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். குழுவும் நானும் இந்தப் பக்கம், திரையின் முன்னால். திரையில் என் கணவரின் தாடை, பல், கழுத்தெலும்பு. அதன் நடுவே அந்த வெள்ளை மெதுவாக இறங்கியது. பாதி சரியான வழியில் போனது. மீதி, ஒரு மெல்லிய நூலாக, முன்பக்கம் வழுக்கி மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. எனக்கே தெரிந்தது.

இருமல் சத்தம் இல்லை.

"உள்ள போயிருக்கு. இருமலே இல்லையே," என்றார் எக்ஸ்ரே டாக்டர்.

தொண்டை டாக்டர் முன்னால் குனிந்தார். "தொண்டை மரத்துப்போச்சு போல. உள்ள போறதே அவருக்குத் தெரியலை. இது ரொம்ப டேஞ்சர். அப்ப வயிறு வழியாத்தான் போகணும்."

உணவு ஆலோசகர் தலையாட்டினார். பிசியோ பெருமூச்சு விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாமஸ், சொல்லிக்கொடுத்தபடியே சிரித்த முகத்தோடு, என்னிடம் மார்க் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

என் வயிற்றில் துளை விழுந்தது.

"டாக்டர்," என்றேன், "ஒரு சின்ன திருத்தம்." (பழக்கதோஷம். கம்பெனியில் பெரிய பொய்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது.) "அவருக்கு இருமல் வரும். நான்தான் அடக்கச் சொன்னேன்."

எல்லாரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"எதுக்கும்மா?" என்றார் டாக்டர்.

"பாஸ் ஆகணும்னு."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். டாக்டர் சிரிக்கவில்லை. "அம்மா, நாங்க தேடுறதே அந்த இருமலைத்தான். இருமல் வந்தா வாட்ச்மேன் முழிச்சிருக்கான்னு அர்த்தம். நீங்க வாட்ச்மேன் வாயைக் கட்டிப்போட்டுட்டு, திருடன் வரலைன்னு சொல்றீங்க."

நஸ்ரின் உள்ளே போய், "சார், இருமல் வந்தா நல்லா இருமுங்க" என்றாள். தாமஸ் மாட்டேன் என்று உறுதியாகத் தலையை ஆட்டினார். "மேடம் சொல்லட்டும்."

மைக்கை என் முன்னால் நகர்த்தினார்கள். கதவு பாதி திறந்திருந்தது. வராந்தாவில் காத்திருந்த கூட்டத்துக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்: "ஏங்க, இருமுங்க."

மறுபடியும் ஒரு வாய். வெள்ளை நூல் மறுபடியும் முன்பக்கம் வழுக்கியது. உண்மையிலேயே மரத்துப்போயிருந்தால்? நான் அடக்கச் சொன்னதால்தான் இருமல் வரவில்லை என்று நானே கதை கட்டிக்கொண்டிருந்தால்?

வந்தது ஐயா ஒரு இருமல்! அத்தனை நாள் பாடத்தில் சேர்த்துவைத்தது அத்தனையும் வந்தது. திரை அதிர்ந்தது, நாற்காலி அதிர்ந்தது, எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க நஸ்ரின் போட்டிருந்த ஈய அங்கி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். "சூப்பர் சார்!" என்று அவள் கத்தினாள். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து இவர் இருமலை யாரும் பாராட்டியதில்லை.

பிறகு அந்தக் குழு வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். உணவு ஆலோசகர் மருந்தைக் கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கினார். பிசியோ முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தினார். நஸ்ரின் தலையை இடப்பக்கம் திருப்பி, தாடையைக் கீழே இறக்கச் சொன்னாள். வெள்ளைக் கட்டி தொண்டையில் வந்து நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு, வழி கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை மாதிரி, பின்பக்கமாக வழுக்கி ஒழுங்காக இறங்கிப் போனது. நான் அழுதுவிட்டேன். சிஸ்டர்தான் பஞ்சு கொடுத்தார்.

வயிற்றில் துளை வேண்டாம் என்று முடிவானது. பயிற்சியோடு, கெட்டியான உணவு. சில மாதத்தில் மூக்குக் குழாயும் போனது. டீகூடக் கெட்டியாக்கும் ஒரு பொடி போட்டுப் பாயசம் மாதிரி ஆனபிறகுதான் குடிக்கிறார். பிரியாணி இன்னும் கிடையாது. கூட வரும் கத்தரிக்காயை மட்டும் மசித்துக் கொடுக்கிறேன். "ஆம்பூர்ல பொறந்து கத்தரிக்காய்க்காக வாழ்றவன் நான் ஒருத்தன்தான், பேஜாரு" என்கிறார், மேசையில் உட்கார்ந்துகொண்டு.

மரியாதை போனது போனதுதான். பெங்களூரிலிருந்து பேசும் மகள், போனில் இருமல் சத்தம் கேட்டால் "அப்பா, மேடம்கிட்ட பர்மிஷன் வாங்கினீங்களா?" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இன்னும் மோசம். பிரசங்கத்தின் நடுவில் தாமஸ் வாயை மூடிக்கொண்டு, முகம் சிவக்க, என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்துகிறார். முன்வரிசையே திரும்பிப் பார்க்கிறது. பாஸ்டர்கூடப் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் தலையசைக்கிறேன். தாமஸ் இருமுகிறார். பிறகுதான் கர்த்தருடைய வார்த்தை தொடர்கிறது.