விசில் வராத குக்கரும் வசந்தாமணியின் கிளெய்மும்

டப்ளின், கலிபோர்னியா
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

உடுமலைப்பேட்டை பாத்திரக்கடை அண்ணன் மாரிசாமி அவர்களின் சமூகத்துக்குத் தங்கை வசந்தாமணி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் மகன் மகிழனும் மருமகள் தென்றலும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் கடையும் கல்லாவும் நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாகிவிட்டது. இனிமேல் சண்டை.

வாட்ஸப் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பீர்கள். போன் என்னுடையது என்று பேர்தானே தவிர, அதில் வருவதையும் போவதையும் முதலில் படிப்பவர் உங்கள் மாப்பிள்ளை. குடும்பக் குரூப்பில் போட்டாலோ கோயமுத்தூரிலிருந்து நியூஜெர்சி வரைக்கும் எல்லாரும் கைகூப்பும் பொம்மையை அனுப்புவார்களே ஒழிய ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். எதிர்வீட்டு ஜம்புநாதன் இந்த வாரம் கோயமுத்தூர் வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டிய கவரை அவர் பிரிக்க மாட்டார், நல்ல மனுஷர்.

விஷயம் அந்தக் குக்கர் விஷயம்தான். பங்குனியில் அது வெடித்த அன்று மகிழன் உங்களுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நீங்கள் கடையில் ஆள் நிறைய இருக்கும் நேரத்தில், ஊருக்கே கேட்கும்படி, "குக்கர் எங்காச்சும் தானா வெடிக்குமா வசந்தா? ஆவி அடங்கறதுக்குள்ள நீதான் அவசரப்பட்டு மூடியத் தொறந்திருப்பே" என்று சொன்னீர்கள். நினைவிருக்கிறதா? உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது. காலமெல்லாம் குக்கர் விற்கிறவரே சொல்லிவிட்டார் என்று இந்த வீட்டில் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். கூடப்பிறந்தவர் வாயால் வந்த தீர்ப்பு. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை, எல்லாரும் கூரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது என்னவென்று இதுவரை ஒருத்தரும் என்னை முழுதாகச் சொல்ல விட்டதில்லை, ஆகவே இப்போது உட்கார்ந்து படியுங்கள். நம் கடையிலிருந்து நான் கொண்டுவந்த குக்கரில்தான் முதலில் சமைத்துக்கொண்டிருந்தேன். அது விசில் அடித்தால் தென்றலின் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பவர்கள் எல்லாரும் தீப்பிடித்துவிட்டதா என்று கேட்கிறார்களாம். அதனால் அதைக் கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மகிழன் எனக்கென்று கரண்டில் ஓடும் குக்கர் ஒன்று வாங்கிப் பரிசாகக் கொடுத்தான். கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன். வழக்கில் இருக்கும் விஷயம். முதல் நாள் துவரம்பருப்பைப் போட்டு மூடி, அவன் காட்டிக்கொடுத்த பொத்தானை அமுக்கிவிட்டு, ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காது மட்டும் அடுப்பங்கரையில். ஒரு விசிலும் வரவில்லை. சரி, அமெரிக்க விசில் மெதுவாகத்தான் வரும் போலிருக்கிறது என்று பொறுமையாக இருந்தேன். அப்போதுதான் டமாரென்று சத்தம். போய்ப் பார்த்தால் பருப்பு கூரையில், மூடி தரையில். கீழே கிடந்த மூடியை நான் கையில் எடுத்த நேரம் பார்த்து மகிழன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவன் கண்ணில் பட்டது அவ்வளவுதான்: வெடித்த குக்கர், அதன் பக்கத்தில் மூடியும் கையுமாக நான்.

விசிலுக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னேன். அதில் விசிலே கிடையாது என்று அவன் சொன்னான். அத்தோடு என் கட்சி தோற்றுப்போயிற்று. விசில் இல்லாத சாமானில் விசிலை எதிர்பார்க்கிறவள் வேறு என்னவெல்லாம் செய்திருப்பாள் என்று எல்லாருமாக முடிவுகட்டிவிட்டார்கள். என் புடவையில் ஒரு பருப்புகூடத் தெறிக்கவில்லையே, அதையாவது பாருங்கள் என்றால், நான் திறந்துவிட்டுச் சட்டென்று விலகி ஓடியிருப்பேன் என்றார் உங்கள் மாப்பிள்ளை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

மறுவாரம் மகிழன் அடுப்புத் திருகுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் பூட்டு மாட்டினான். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் போடுகிற பூட்டு. இந்த வீட்டில் குழந்தை யார்? "அம்மா, இனிமே நீங்க கிச்சன் பக்கமே வர வேண்டாம், please. ரெஸ்ட் எடுங்க" என்றான். அவன் பாசத்தில்தான் சொன்னான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணா, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் யாரிடமும் கேட்டுக்கொண்டு பால் காய்ச்சியதில்லை. மருமகள் முன்னால் என் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து சாப்பாடு வான்மதி வீட்டிலிருந்து வருகிறது. வான்மதி இரண்டு தெரு தள்ளி இருக்கும் மதுரைப் பெண், வீட்டிலேயே சமைத்து டப்பாவில் கொடுக்கிறாள்.

அந்த வான்மதிதான் ஒரு நாள் டப்பாவைக் கொடுத்துவிட்டு, எங்கள் குக்கர் எந்தக் கம்பெனி என்று கேட்டாள். சொன்னேன். அவளிடமும் அதே குக்கர்தானாம். அந்தக் கம்பெனி மேல் கேஸ் போட்டு செட்டில்மெண்ட் வரை வந்துவிட்டது என்று போனில் காட்டினாள். ஆளாளுக்குத் தனியாகக் கேஸ் நடத்த முடியாது என்று, வாங்கினவர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து நாலு பேர் கோர்ட்டுக்குப் போவார்களாம், அதற்குக் கிளாஸ் ஆக்‌ஷன் என்று பேர். மூடி பூட்டிக்கொண்ட மாதிரி தெரியும், ஆனால் பூட்டியிருக்காது, ஆவி ஏறினதும் தானாகவே கிளம்பிவிடும் என்பதுதான் கேஸ். தானாகவே. அந்த வரியை வான்மதியை மூன்று தரம் படித்துக்காட்டச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், அவள் பணத்துக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ரொம்பக் கொஞ்சம்தான் வரும் ஆன்ட்டி என்று சமாதானம் சொன்னாள். பணம் யாருக்கு வேண்டும்? வக்கீல்கள் எடுத்தது போக வருவதில் இந்த ஊரில் ஒரு தேங்காய் வாங்கினால் பெரிது. எனக்கு வேண்டியது வேறு. நஷ்டஈடு கேட்டுக் கிளெய்ம் போட்டே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கிளெய்மில் குக்கரின் அடியில் ஒட்டியிருக்கும் நம்பரைப் படம் எடுத்துப் போட வேண்டும். குக்கர் எங்கே என்றால், உங்கள் மாப்பிள்ளை அதன் வயரையெல்லாம் பிடுங்கிவிட்டு, மண்ணைக் கொட்டிக் கறிவேப்பிலை வைத்துவிட்டார். இந்தக் குளிரில் அது ஒன்றுதான் பிழைத்து வருகிறது என்று தினமும் அதன் பக்கத்தில் போய் நிற்கிறார். அவர் நடக்கப் போயிருந்த நேரத்தில் நான் தூக்கிப் பிடிக்க, வான்மதி கீழே படுத்துக்கொண்டு படம் எடுத்தாள். பாதி மண் அவள் முகத்தில். நம்பர் மட்டும் பளிச்சென்று விழுந்தது. பேர் எழுதும் இடத்தில் இன்னொரு கூத்து. இங்கே கடைசிப் பேர் இல்லாமல் ஒருத்தரும் பிறப்பதில்லை, ஆகவே என் கடைசிப் பேர் கிட்டுசாமி. குக்கர் என்னுடையது, வெடித்தது என் பருப்பு, பழி என் மேல். பேர் மட்டும் உங்கள் மாப்பிள்ளையுடையது. போகட்டும் என்று, என்ன நடந்தது என்ற இடத்தில் நான் தமிழில் சொல்லச் சொல்ல வான்மதியை அப்படியே இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். "மூன்று விசிலுக்காகக் காத்திருந்தபோது மூடி தானாகத் திறந்தது." பொய் சொன்னால் தண்டனைக்குச் சம்மதம் என்று கீழே இருந்தது. தமிழில் கையெழுத்துப் போட்டேன், பூரணமாக.

வந்தது பதில். கவரின் மேல் கிட்டுசாமி என்று இருந்ததால் உங்கள் மாப்பிள்ளை தனக்குத்தான் என்று பிரித்துப் படித்துவிட்டார். இந்தக் குக்கரில் விசில் என்ற பாகமே இல்லை, நீங்கள் எந்த விசிலைக் குறிப்பிடுகிறீர்கள், விளக்காவிட்டால் கிளெய்ம் தள்ளுபடி என்று எழுதியிருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் எல்லார் முன்னாலும் படித்தார். "ஏம்புள்ள, கம்பெனிக்காரனே கேக்கறான் பாரு, எந்த விசில்னு" என்று சிரித்தார். தென்றல் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். அந்த அடக்கல்தான் எனக்கு இன்னும் வலித்தது. மகிழன், விடுங்கம்மா, இதுக்குப் போய் எதுக்கு என்றான். விடுவதா? அவர் கையிலிருந்து கடுதாசியைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அதிலிருந்த நம்பருக்கு போன் போட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தமிழ், தமிழ் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் நிஜமாகவே தமிழ் வந்தது. டெக்சஸிலிருந்து ரஞ்சித்குமார் என்று ஒரு தம்பி. நான் சொல்வதை, போனை எடுத்த கிளெய்ம் ஆபீஸ் அம்மாளுக்கு இங்கிலீஷில் அப்படியே சொல்வதுதான் தன் வேலை, தானாக எதையும் சேர்க்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னார். நான் கதையைச் சொன்னேன். விசில் என்ற இடத்துக்கு வந்ததும் அந்த அம்மாள் மறுபடியும் எந்த விசில் என்று கேட்டாள். ரஞ்சித்குமார் அதைத் தமிழில் சொல்வதை விட்டுவிட்டுத் தானே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"என்ன பருப்பும்மா?" என்று கேட்டார்.

"துவரம்பருப்பு தம்பி."

"எத்தனை விசிலுக்கு விடுவீங்க?"

"மூணு. ஆனா ஒண்ணுகூட வரலியே. விசில் வராத குக்கர எவளாவது தொறப்பாளா? நீயே சொல்லு."

அந்தப் பக்கம் ரஞ்சித்குமார் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். நான் சொன்னது நாலு வார்த்தை, அவர் பேசியது ஒரு பிரசங்கம். அவருடைய அம்மாவையும் சேர்த்துச் சொன்னார் போலிருக்கிறது, மை மதர் என்று நடுவில் கேட்டது. தானாக எதையும் சேர்க்க மாட்டேன் என்றவர்தான். கடைசியில் அவர், "நீங்க மூடி பக்கமே போகலன்னு எழுதிக்கறாங்கம்மா" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் அண்ணா, நீங்கள் அன்றைக்குப் பேசின அதே ஸ்பீக்கர். திரும்பிப் பார்த்தால் மகிழன் காப்பிக் கோப்பையோடு மாடிப்படியில் நிற்கிறான். இங்கிலீஷையும் கேட்டிருக்கிறான், தமிழையும் கேட்டிருக்கிறான். முகம் சின்னப்பையன் முகமாகிவிட்டது.

"அம்மா, நீங்க தொறக்கவே இல்லியா?" என்றான்.

"அதத்தான் கண்ணு பங்குனியிலிருந்து சொல்றேன்" என்றேன்.

எதை வைத்து என்னைக் கேலி செய்தார்களோ அதுவே எனக்குச் சாட்சி ஆகிவிட்டது. விசில் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறவள் எதற்காக மூடியைத் தொடப்போகிறாள்? இது கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தோன்றவில்லை, டெக்சஸில் இருக்கிற பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. நேற்று கிளெய்மை ஏற்றுக்கொண்டோம் என்று ஈமெயில் வந்தது. மகிழன் தன் கையாலேயே பூட்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டான். உங்கள் மாப்பிள்ளை கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது.

ஆகவே அண்ணா, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் கடையில் யார் யார் காதில் விழும்படி சொன்னீர்களோ அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, தப்பு என் தங்கச்சி மேல் இல்லை, குக்கர் மேல்தான் என்று அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். அண்ணியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். மெதுவாகச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

இனி இந்த வீட்டில் சமையல் என் கையால்தான். அண்ணிக்கு என் அன்பு. கடை நாளுக்கு நாள் பெருகட்டும், உங்கள் சர்க்கரை நாளுக்கு நாள் குறையட்டும்.

இப்படிக்கு,
எந்த மூடியையும் தொடாத தங்கை,
வசந்தாமணி

பின்குறிப்பு: ஜம்புநாதன் பயணம் தள்ளிப்போய்விட்டதால் கடுதாசி என்னிடமே கிடக்கிறது. அதற்குள் நிலைமை மாறிவிட்டது. அடுப்பு என் கைக்கு வந்த அன்று சாயங்காலமே தென்றல் வான்மதியின் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். காலையில் உங்கள் மாப்பிள்ளைக்குச் சந்தகை, மத்தியானம் மகிழனுக்கு அரிசிம்பருப்புச் சாதம், தென்றலுக்கு அரிசி ஆகாது என்று தனியாக ராகி, ராத்திரிக்குக் கொள்ளு ரசம். வெள்ளிக்கிழமை, எங்க அம்மா சமையலைச் சாப்பிட்டுப் பாருங்க என்று மகிழன் ஆபீஸ் ஆட்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்துவிட்டான். சந்தகை பிழிந்து தோள்பட்டை தூக்கவே முடியவில்லை. மானத்துக்காகத்தான் சண்டை போட்டேன் அண்ணா, மாவு பிசைய அல்ல. அது ஜெயித்த பிறகுதான் எனக்கே புரிகிறது.

நல்ல வேளையாக நேற்று செக் வந்தது. கூடவே ஒரு தாளும் இருந்தது. அதில் பொடி எழுத்தில், எங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, வழக்கை முடிப்பதற்காகத்தான் பணம் கொடுக்கிறோம் என்று கம்பெனி எழுதியிருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் நானே வாசித்தேன். தப்பு அவர்கள் மேல் இல்லை என்றால் மறுபடியும் என் மேல்தானே வருகிறது, அது தீர்கிற வரைக்கும் நான் அடுப்பைத் தொடுவது நியாயம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது சும்மா லாயர் எழுதறது. அவங்க எந்தக் காலத்துலயும் ஒத்துக்கவே மாட்டாங்க" என்றான் மகிழன்.

"ஒத்துக்கற வரைக்கும் நான் காத்திருக்கறேன் கண்ணு" என்றேன்.

இன்று மத்தியானம் வான்மதியின் டப்பா வந்தது. வத்தக்குழம்பு அருமை. ஆகவே அண்ணா, மேலே எழுதினபடி கடையில் யாரையும் கூப்பிட்டு எதையும் சொல்லிவிடாதீர்கள். யாராவது கேட்டால், தப்பு யார் மேல் என்பது இன்னும் தீரவில்லை என்று சொல்லுங்கள். சீக்கிரத்தில் தீராது என்றும் சொல்லுங்கள்.