'கலங்கல்' வெளியீட்டு விழா

போஸ்ட்-ஹார்ட்கோர் இசையின் ஆழத்தை முழுமையாக உணர்ந்த ஒரே நகரம் திருநெல்வேலிதான் என்பதை வருங்கால வரலாறு ஒப்புக்கொண்டே தீரும். 'கலங்கல்' ஆல்பத்தின் வெளியீட்டு விழாவே அதற்குச் சாட்சி.

ஆல்பத்தின் பாட்டு அத்தனையும் எழுதியவள் இசக்கிச்செல்வி. பேஸ் கிடாரும் அவள்தான். ஆற்றங்கரைக் கல்யாண மண்டபம் ஒன்று பந்தி கழுவிய எச்சில் தண்ணீரை நேராகத் தாமிரபரணிக்குள் விடுவதை அவள் கண்ணால் கண்டிருந்தாள். மண்டபத்தின் பெயர், குழாய் இருக்கும் இடம், உரிமையாளர் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் பெயர் என்று ஒன்றுவிடாமல் பாட்டில் வைத்தாள்.

பாடியவன் சாய்ராம். பாடினான் என்பது ஒரு மரியாதைக்கு. முதலில் ரகசியம் சொல்வதுபோல முணுமுணுப்பான். திடீரென்று, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன்போல அலறுவான். அப்புறம் இரண்டு கிடாரும் குழாயடிச் சண்டை போடும். சட்டென்று எல்லாம் ஓய்ந்து, ஒற்றைத் தந்தி மட்டும் தேம்பும். வார்த்தை விளங்கவே இல்லையே என்று இசக்கிச்செல்வி கேட்டாள். வார்த்தை விளங்கினால் இந்த இசை விளங்காது என்று சாய்ராம் விளக்கினான்.

விழாவுக்கு யாரும் இடம் தரவில்லை. கடைசியில் இலவசமாகக் கொடுத்தவர் சாட்சாத் மந்திரமூர்த்தி அண்ணாச்சி. இளைஞர்கள் ஆற்றுக்காகப் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தலைமை தாங்குவதற்கும் தாமே முன்வந்தார். வேண்டவே வேண்டாம் என்றாள் இசக்கிச்செல்வி. சாய்ராமோ, கோட்டைக்குள்ளேயே புகுந்து அடிக்கப்போகிறோம் என்று பூரித்தான்.

அடிக்கவும் செய்தான். முன்வரிசையில் சந்தனப்பொட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் முகத்துக்கு நேராக, அவர் பெயரையே சொல்லி அலறினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையல்கட்டிலிருந்து ஒருவர், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கரண்டியோடு ஓடிவந்தார். மதுரையிலிருந்து வந்திருந்த விமர்சகர் 'சொல்லைக் கடந்த எதிர்ப்பு' என்று குறித்துக்கொண்டார். அண்ணாச்சி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். பாட்டு முடிந்ததும் மேடையேறிச் சாய்ராமுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"அநியாயத்த எதுக்கணும்னா இப்படித்தாம்வே எதுக்கணும்," என்றார் மைக்கில். "வருசா வருசம் நம்ம மண்டபத்துலயே வச்சுக்கிடுங்க."

சாய்ராமின் கண்கள் பனித்தன. சபை எழுந்து நின்று கைதட்டியது.

இசக்கிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள். தான் எழுதியிருந்ததை, பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கிற குரலில், பையச் சொன்னாள்.

"மந்திரமூர்த்தி அண்ணாச்சி மண்டபத்து எச்சித் தண்ணி, பின்பக்கத்துக் குழா வழியா ஆத்துல விழுது. அதத்தான் நாம எல்லாரும் குடிக்கோம்."

கைதட்டல் அப்படியே நின்றுபோயிற்று. கரண்டிக்காரர் தரையைப் பார்த்தார். விமர்சகர் பேனாவை மூடினார்.

அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"யாரு தம்பி இந்தப் பிள்ள?" என்றார் சாய்ராமிடம், நொந்துபோய். "இம்புட்டு நேரம் எவ்வளவு அமைதியாப் போய்க்கிட்டிருந்துச்சு. சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்க."