குயிலடிகள் நடத்திய குடும்ப நேர்காணல்

ஒரு காட்டில், இலையைவிடப் படிவம் மலிந்துபோயிருந்த காலத்தில், ஒச்சம்மா என்றொரு காகம் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். புருஷன் பெயர் கழுவன். மற்ற குஞ்சுகள் பறந்துவிட, கூட்டில் கடைக்குட்டி மாயழகு மட்டும் மிச்சம்.

மாயழகு வாயைத் திறந்தால் 'கா' வராது, 'கூ'தான் வரும். அவன் குயில் குஞ்சு என்பது ஊருக்கே தெரியும். ஒச்சம்மாவுக்குத் தெரியாதா? "முட்டை சிறுசா இருந்தப்பவே தெரியும்டீ. பசின்னு வாயைத் திறந்த பிறகு எவ சர்ட்டிபிகேட் கேப்பா?" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

வினை சிங்கராஜா ரூபத்தில் வந்தது. காட்டில் குடும்பங்கள் கெட்டுப்போகின்றன என்று அவருக்குத் திடீர்க் கவலை. மனைவிமார் ஏழு பேரும் வேட்டைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஓய்வாகப் படுத்துக்கொண்டே 'குடும்ப மாண்புக் கொள்கை' என்று ஒன்றை அறிவித்தார். பள்ளிக்கூடங்களையெல்லாம் குயிலடிகளின் மடத்திடம் ஒப்படைத்தார். முறையான குடும்பத்துக் குஞ்சுக்குத்தான் மடத்துப் பள்ளியில் இடம். அங்கே படிக்கிற குஞ்சுக்குத்தான் அடைமழைக்குப் பெரிய ஆலமரத்தில் இடம்.

ஐப்பசி பிறக்கப் பத்தே நாள். போன மழையில் ஒச்சம்மாவின் வேப்பமரக் கூடு பிய்ந்து இரண்டு குஞ்சுகள் செத்துப்போயின. இவனையாவது காப்பாற்றிவிட வேண்டும். விடிவதற்குள் பள்ளி வாசலில் போய் வரிசையில் நின்றாள்.

அணில் குமாஸ்தா படிவத்தை நீட்டியது. "ஏழாம் கட்டத்துல முட்டையிட்ட தாய் பேரு. எட்டுல தகப்பன் பேரு."

"அடைகாத்தவளுக்கு எந்தக் கட்டம்?"

"அதுக்கெல்லாம் கட்டம் இல்லம்மா. கடைசியில 'இதர விவரங்கள்'னு இருக்கு பாருங்க, அதுல எழுதுங்க."

"ராப்பகலா பதிமூணு நாள் உட்கார்ந்திருக்கேன்யா! அது உனக்கு இதரமா?"

"மேலேர்ந்து வந்த படிவம். நான் என்ன பண்ண? அடுத்து யாரு?"

நேர்காணல் நடத்தியவர் பள்ளித் தலைவர் குயிலடிகள். குடும்பத்தைப் பற்றி உருகிப் பேச அவரைவிட்டால் காட்டில் ஆள் கிடையாது. "தாயின் சிறகே கோயில்" என்று அவர் ஆரம்பித்தால் கரடிகூட மூக்கைச் சிந்தும். அவர் பிறந்ததிலிருந்து ஒரு கூட்டுக்கு ஒரு சுள்ளி எடுத்துக் கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

"பிள்ளையின் வளர்ப்பைப் பார்ப்போம்" என்று மாயழகின் முன்னால் ஒரு அத்திப்பழத்தை வைத்தார்.

மாயழகு பழத்தைத் தொடவில்லை. வெளியே பார்த்துக் கழுத்தைத் தூக்கி, "கூ... கூ..." என்றான். உறவைக் கூப்பிடாமல் ஒரு பருக்கையைத் தொடுவது காக்கை வீட்டில் வழக்கமில்லையே! முப்பது காகங்கள் தடதடவென்று வந்து இறங்கி, ஆளுக்கு ஒரு கொத்து கொத்திக்கொண்டு, அடிகளுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் பறந்தன. ஒச்சம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடிகள் முகம் சுளித்தார். "குரல் ஒரு பக்கம், வளர்ப்பு ஒரு பக்கம். முறைகெட்ட குடும்பம். இவன் தாய் எங்கே?"

"நான்தான் சாமி."

"முட்டையிட்டவளைக் கேட்டேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் ஒச்சம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனி மாதம், வேப்பமரத்துக்கு எதிர்க் கிளையில் உட்கார்ந்து இதே குரல்தான் கத்திக்கொண்டே இருந்தது. கழுவனும் அவளும் அரைக் காடு துரத்திவிட்டுத் திரும்பினால், கூட்டில் ஒரு முட்டை கூடுதலாகக் கிடந்தது.

"சாமி, அன்னைக்கு எங்க மரத்துக்கு எதிர்ல நின்னு போக்கு காட்டினது நீங்கதானே?"

அடிகள் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு தேனாகப் பேசினார். "வெளியே போய்ச் சொல் அம்மா. யாரும் நம்ப மாட்டார்கள். நம்பினால் பள்ளியை மூடிவிடுவார்கள். அப்புறம் மழைக்கு உன் பிள்ளை எங்கே ஒண்டுவான்?"

ஒச்சம்மா படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். அடிகளே அதை நிரப்பினார். தாய்: இல்லை. தந்தை: தெய்வம். ஆதரவற்றோர் ஒதுக்கீட்டில் மாயழகுக்கு இடம் கிடைத்தது. ஒச்சம்மாவுக்கும் பள்ளியில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். ஆயா வேலை.

"அப்பன் அங்க உட்கார்ந்திருக்கான், பிள்ளை அநாதையா? நீ ஆயாவா?" என்று கழுவன் குதித்தான்.

"வாயை மூடிட்டு வானத்தைப் பாரு" என்றாள் ஒச்சம்மா. மேகம் கறுத்துக்கிடந்தது.

மழை அடித்து ஓய்ந்தது. மாயழகின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. தை மாத ஆண்டு விழாவில் 'குடும்பமே கோயில்' என்ற தலைப்பில் பேசி முதல் பரிசாகப் பெரிய அத்திப்பழம் ஒன்றை வாங்கினான். வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒச்சம்மா விளக்குமாற்றை நிறுத்தினாள். கூப்பிடுவான் என்று சொந்தக்காரக் காகங்கள் முப்பதும் வேலிமேல் காத்திருந்தன. மாயழகு கழுத்தைத் தூக்கவில்லை. முழுப் பழத்தையும் தானே தின்றான். ராஜா எழுந்து நின்று பாராட்டினார். ஒச்சம்மா, "போகுது, நனையாம இருக்கான்ல" என்று சொல்லிக்கொண்டு மறுபடி கூட்டினாள்.

மறு ஆனியில் ஒரு நாள் அவள் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தபோது எதிர்க் கிளையிலிருந்து, "கூ... கூ..." என்று கேட்டது. ஆயிரம் குரலில் அவளுக்கு அந்தக் குரல் தெரியும்.

"ஏங்க, எம்புள்ள! என்னைத்தான் கூப்பிடுறான்!" என்று கழுவனையும் இழுத்துக்கொண்டு பறந்தாள். மாயழகு கிளைக்குக் கிளை தாவி, அரைக் காடு கூட்டிப்போனான். கிட்டே மட்டும் வரவில்லை.

திரும்பி வந்தால் கூட்டில் ஒரு முட்டை கூடுதலாக இருந்தது. சிறுசு.

ஒச்சம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடுவில் தள்ளி வைத்து, மேலே உட்கார்ந்தாள்.

நீதி: குடும்பத்தின் அருமையை ஊருக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் குடும்பம் நடத்தி நேரத்தை வீணாக்கக் கூடாது. அதற்குத்தான் ஆயா இருக்கிறாள்.