டெஸ்டர் அண்ணாச்சியும் ஐஸ் எறியும் ஃப்ரிட்ஜும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் டெஸ்டர் அண்ணாச்சி நம்பிய பொருள் என்று ஒன்றுமே கிடையாது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போது, "ராஜபாளையந்தான போவுது?" என்று கண்டக்டரிடம் கேட்பார். அப்புறம் டிரைவரிடம் கேட்பார். உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பார்.

எங்கள் பேண்டேஜ் துணி மில் ஆபீசில் அவர் டெஸ்பாட்ச் கிளார்க். கரண்டுக்கும் அவர் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர் இருக்கும். இரும்பு பீரோவானாலும் முதலாளியின் புது ஸ்கூட்டரானாலும், டெஸ்டரால் தொட்டு, அதிலுள்ள குட்டி விளக்கு எரியவில்லை என்று கண்ட பிறகுதான் கை வைப்பார்.

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் முதலாளியின் மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு ஃப்ரிட்ஜ் கொண்டுவந்தார். வீட்டுச் சமையலறை வாசலில் அது நுழையவில்லை. ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. கதவிலேயே ஒரு மாடம், அதற்குள் இரண்டு லிவர். டம்ளரை வைத்து ஒன்றை அழுத்தினால் குளிர்ந்த தண்ணீர், மற்றதை அழுத்தினால் ஐஸ். நாங்கள் டம்ளரோடு வரிசையில் நின்றோம். அண்ணாச்சி டெஸ்டரோடு பின்பக்கம் போனார்.

"கதவத் தொறக்காம எப்படித் தண்ணி வருது?"

"பின்னால குழாய் சேத்திருக்கு அண்ணாச்சி," என்றேன்.

"குழாய்ல சூடா வருது. உள்ள போயி ஐஸாயிருது. நடுவுல அத என்ன செய்யுதான்?"

"யாரு?"

"அதத்தான் கேக்கேன்."

ஒரு மத்தியானம் ஃப்ரிட்ஜுக்குள் கடகடவென்று சத்தம். உறைந்த ஐஸ் கட்டிகள் தாமாக உள்டப்பாவில் விழுந்தன, அவ்வளவுதான். அண்ணாச்சி நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

"கேட்டியா? யாரும் தொடல."

அன்றே தன் மேஜையை ஃப்ரிட்ஜைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒருநாள் எட்ட நின்று, மர ஸ்கேலால் லிவரைக் குத்திப் பார்த்தார். பிடிக்க டம்ளர் இல்லாததால் ஐஸ் தரையெல்லாம் சிதறியது. ஒரு கட்டி துள்ளி அவர் செருப்புக்குள் விழுந்தது.

"ஆளப் பாத்து எறியுது," என்று மில் முழுக்கச் சொல்லிவிட்டார்.

டைப்பிஸ்ட் மேரி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அந்த வெயிலில் அவளுக்கு ஐஸ் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே தங்கவில்லை. அவள் டம்ளரோடு வந்தபோது அண்ணாச்சி குறுக்கே நின்றார்.

"செத்த நேரம் பொறு தாயி. இவனுக குடிச்சா குடிச்சுட்டுப் போறானுக, நீ ரெண்டு உசுரு."

அதுவரை அந்தத் தண்ணீரைத் தொடாதவர், ஒரு டம்ளர் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பீரோக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். உயிர் இருக்கிறது என்று உறுதியான பிறகு புதிதாக ஒரு டம்ளர் பிடித்து மேரியிடம் நீட்டினார்.

"இப்பக் குடி."

அவள் லீவில் போகும்வரை தினமும் இதுதான் நடந்தது. ஆபீசே சிரித்தது. மேரி மட்டும் சிரிக்காமல் காத்திருந்து வாங்கிக் குடித்தாள்.

அவளுக்குப் பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று செய்தி வந்தது. அதன் பிறகு அண்ணாச்சி ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எனக்குப் பல்லு கூசும்ப்பா. குளுந்த தண்ணி பட்டா உசுரு போயிரும்."

"பொறவு எப்படி தினமும் குடிச்சீக?"

"வேற யாரு குடிச்சுப் பாப்பாக?" என்றவர், பார்சல்களைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கிவந்து அவர் மேஜையில் வைத்தேன். தூக்கி மோந்து பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"நீ மொதல்ல குடி."

நாக்கு சுட்டது. சந்தோஷமாகக் குடித்தேன்.