நிறுத்த அறிவிப்பாளர்

அலுவலக வண்டி ஓட வேண்டும் என்று விதி உண்டு. நிற்கும்போது பின்னால் வருகிறவனிடம் சொல்லிவிட்டு நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதனால் மேலதிகாரியின் காரில் பிரேக் லைட் எரியாமல் போனபோது, டிரைவரைத் தவிர யாருக்கும் தூக்கம் கெடவில்லை. முந்தைய டிரைவரின் வண்டியில் எவனோ பின்னாலிருந்து மோத, மோதப்பட்ட குற்றத்துக்காக அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இவருக்கும் அந்தப் பயம்தான்.

"சார், பிரேக் லைட் எரியல."

மேலதிகாரி தலை தூக்கவில்லை. "நீங்க பார்த்தீங்களா? மிதிக்கிறப்ப நீங்க முன்னாடி இருக்கீங்க. லைட் பின்னாடி இருக்கு."

"பின்னாடி வந்தவர் கண்டபடி திட்டினார் சார்."

"அவர் நம்ம ஊழியரா?"

"இல்ல சார்."

"அப்ப அது வெறும் வதந்தி. சரி, ஒரு குழு போடுவோம்."

மாட்சிமை பொருந்திய ஆய்வுக் குழு டீ குடித்துவிட்டு நிதானமாக இறங்கி வந்தது. பிரேக்கை மிதித்து மிதித்து டிரைவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. குழு வண்டிக்கு முன்னால் வந்து நின்றது.

"ஐயா, லைட் பின்னாடி இருக்குங்க."

"பிரேக் லைட் எரியாத வண்டிக்குப் பின்னாடி நிக்கிறது எவ்வளவு ஆபத்து, தெரியுமா?" என்று கடிந்துகொண்டார் குழுத் தலைவர். முன்னால் நின்றபடியே நுணுக்கமாகப் பரிசீலித்து, பிரேக் விளக்கு என்று எதுவும் காணப்படவில்லை என ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

இடைக்கால ஏற்பாடாக, திறந்த டிக்கியில் சிவப்புக் கொடியோடு ஓர் ஆளை உட்காரவைக்க உத்தரவாயிற்று. பதவியின் பெயர் நிறுத்த அறிவிப்பாளர். இதென்ன கூத்து என்று கேட்கத்தான் டிரைவர் வாயெடுத்தார். அதற்குள் செய்தி கேள்விப்பட்ட அவர் மனைவி போன் செய்து, "என் தம்பி சும்மாத்தானே இருக்கான்" என்றாள். வாயை மூடிக்கொண்டார். மறுநாள் முதல் டிரைவர் "நிக்கிறேன்டா" என்று கத்துவார், டிக்கியிலிருந்து மச்சான் கொடியைத் தூக்குவான்.

மற்ற அலுவலக அதிகாரிகளுக்கு வயிறு எரிந்தது. நிற்பதை அறிவிக்கவே ஓர் ஆள் வைத்திருப்பவனல்லவா பெரிய மனிதன்? நன்றாக எரிந்த லைட்டுகளின் ஒயர்களைப் பிடுங்கிப் போட்டார்கள். அப்புறம் டாக்டர்கள், வியாபாரிகள். ஆள் வைக்க வசதியில்லாதவர்கள் மாமியாரைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கொடியை நீட்டச் சொன்னார்கள்.

ஒருநாள் மச்சானுக்குக் காய்ச்சல். மேலதிகாரியோ உடனே கிளம்ப வேண்டும் என்கிறார். வழியில் ஒரு மெக்கானிக்கிடம் டிரைவர் வண்டியை விட்டார். பெடலுக்கு மேலே கழன்று தொங்கிய சுவிட்சைப் பொருத்திவிட்டு, பின்னால் போய்ப் பார்த்து, "ஜம்முன்னு எரியுதுண்ணே" என்றான் அவன். டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதல் சிக்னலில் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்தார். டமார் என்று சத்தம். பின்னால் வந்த கார்க்காரர் மோதிவிட்டு, கத்திக்கொண்டே இறங்கி வந்தார்.

"நிக்கப் போறேன்னு சொல்ல வேண்டாமாய்யா?"

"அதான் லைட் எரிஞ்சுதே!"

"லைட்டை எல்லாம் இப்ப யாரு பார்க்கிறா? கொடி எங்க?"

பின்சீட்டில் மேலதிகாரி கழுத்தைத் தடவிக்கொண்டார். "அவர் கேக்கிறது நியாயம்தானே? நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

பதில் சொல்ல டிரைவருக்கு நாக்கு துடித்தது. ஆனால் தன் காரின் மூக்கு முன்னால் நின்ற வண்டிக்குள் புதைந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். அந்த வண்டியில் இரண்டு லைட்டும் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன. டிரைவரும் கொடியைத்தான் தேடியிருந்தார்.