மீட்டர்காரர் போட்ட தோட்டம்

வீடு பார்க்க வந்த பதினொன்றாவது பார்ட்டி ஏழே நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டுப் போய்விட்டது. அதிலும் மூன்று நிமிடம் செருப்பைக் கழற்றுவதற்கும் திரும்ப மாட்டுவதற்கும் சரியாகிவிட்டது.

மீட்டர்காரர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே வீட்டுத் தரகர் நின்றபடியே செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி சொல்லிட்டுப் போனாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார். அந்த அம்மா மட்டும் கார்ல ஏறும்போது, 'இந்த வீட்ல சமீபத்துல யாராவது தவறிட்டாங்களா'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் இல்லன்னு சொன்னேன்."

மீட்டர்காரருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். மின்சார அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் குறித்தவர். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் தெருவில் அந்தப் பெயர் மாறவில்லை. மகளின் பிரசவத்துக்காக மனைவி ரயிலேறிப் பதினாலு மாதம் ஆகிறது. மூன்று மாதத்தில் திரும்பி வருவதாகத்தான் பேச்சு. பிறந்தது இரட்டையாகப் போய்விட்டது.

இந்த வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊரிலேயே பெரிய வீடாக வாங்கி எல்லோரும் சேர்ந்து இருப்பது என்று முடிவாயிற்று. அதுவரை அங்கே போய் ஒண்டிக்கொள்ள இடமில்லை. மகள் குடியிருப்பது இரண்டே அறை. மருமகன் ஏற்கெனவே அடுக்களையில் படுக்கிறார். மீட்டர்காரர் போனால் மருமகன் மாடிப்படிக்கு மாற வேண்டியதுதான்.

முந்தின நாள் மனைவி போனில் ஒரு சேதி சொல்லியிருந்தாள்.

"ரெண்டும் 'தாத்தா'ன்னு சொல்லுதுங்க."

"நெஜமாவா?" மீட்டர்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஆமா. எதிர் வீட்ல ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் இருக்காரு. தினமும் வந்து தூக்கி வெச்சுக்குவாரு. அவரைப் பார்த்ததும் 'தாத்தா தாத்தா'ன்னு தாவுதுங்க."

மீட்டர்காரர் திரும்ப உட்கார்ந்தார்.

"என் போட்டோவைக் காட்டினியா?"

"காட்டினேன். அழுதுடுச்சுங்க."

அதனால்தான் தரகர் என்ன சொன்னாலும் கேட்பது என்ற நிலைக்கு மீட்டர்காரர் வந்திருந்தார்.

"வீட்ல குறை ஒண்ணும் இல்ல சார்," என்றார் தரகர். "சுவர் கெட்டி, கூரை கெட்டி. ஆனா உள்ள வந்தா சர்க்கார் ஆபீஸ் மாதிரி இருக்கு. பின்னாடி போனா அவ்வளவு பெரிய இடத்துல ஒரு புல் பூண்டு கிடையாது. இதைப் பாருங்க."

செல்போனில் ஒரு வீடு தெரிந்தது. உதிர்ந்த இலைகளுக்கு நடுவே வரிசை பிடித்தாற்போல் முட்டைக்கோஸ்கள். படிக்கட்டில் பூசணிக்காய்கள். உள்ளே சுவரெல்லாம் நூலிலும் துணியிலும் கையால் செய்த தொங்கல்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

"இந்த இலையுதிர் காலத்துல ஜனங்க இதைத்தான் தேடுறாங்க. பின்னாடி ஒரு காய்கறித் தோட்டம், உள்ள கையால செஞ்ச கலர் கலரான சாமான். உள்ள வந்தவங்க, 'இங்க மனுஷங்க சந்தோஷமா வாழறாங்க'ன்னு நினைக்கணும்."

"இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

"அது வெளியில தெரியக் கூடாது சார். அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய முதலாளி வர்றாரு. பிடிச்சா அங்கேயே முடிச்சுடுவாரு. உங்களுக்கு முப்பது நாள் இருக்கு."

மீட்டர்காரர் தம் வாழ்நாளில் பல்லாயிரம் வீடுகளுக்குள் போனவர். ஆனால் எந்த வீட்டிலும் மீட்டர் பெட்டியைத் தாண்டி அவர் பார்வை போனதில்லை. பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வார். அந்த வீட்டுத் திரைச்சீலை என்ன நிறம் என்றால் விழிப்பார். மறுநாள் காலை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்புறம் போனது இந்த அனுபவத்தை நம்பித்தான்.

பாதித் தோட்டத்துக்கு முள்ளங்கி விதை தூவினார். மீதிப் பாதியை வெட்டத் தொடங்கி, மூன்றாவது வெட்டிலேயே தண்ணீர்க் குழாயை உடைத்தார். ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீச்சியது. பிளம்பர் வந்து சேர்வதற்குள் தோட்டம் குளமாகியிருந்தது.

"இங்க எதுக்கு சார் வெட்டினீங்க?"

"முள்ளங்கி போட."

பிளம்பர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "முள்ளங்கிக்கு அரை விரல் ஆழம் போதுமே சார். நீங்க கிணறு வெட்டியிருக்கீங்க."

குழாய் பழசு, முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பள்ளம் தோண்டி, இரண்டு நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார் பிளம்பர்.

"அப்ப என் விதை?"

"தண்ணி மதில் பக்கமாத்தான் ஓடிச்சு. எல்லாம் அங்க ஒதுங்கிக் கிடக்கும் சார். மறந்துடுங்க."

நாற்றுப் பண்ணைக்காரர் இன்னும் தெளிவாகச் சொன்னார். "இனிமே விதை போட்டா பனி கொட்டறப்பதான் காயைப் பார்ப்பீங்க. வளர்ந்த கன்னா எடுத்துட்டுப் போங்க." முப்பத்தாறு முட்டைக்கோஸ் கன்றுகளை மீட்டர்காரர் வாங்கி வந்து நட்டார். மீட்டர் குறித்த பழக்கம் விடவில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்து இலையை எண்ணினார். பல மாதங்களாக நாலு நிமிடத்தில் முடிந்துவந்த போன் பேச்சு அந்த வாரம் பத்து நிமிடம் ஓடியது.

"ஏழாவது கன்னு ஒரு இலை விட்டிருக்கும்மா."

"பரவாயில்லையே. உங்க பேச்சே மாறிப்போச்சு."

எட்டாம் நாள் இலைகளில் ஓட்டை தெரிந்தது. ஒன்பதாம் நாள் ஓட்டைதான் இருந்தது, இலையைத் தேட வேண்டியிருந்தது.

"புழுதான். சோப்புத் தண்ணி அடிங்க," என்றாள் மனைவி. பின்னணியில் இரண்டு குழந்தைகளும் போட்டி போட்டு வீறிட்டுக்கொண்டிருந்தன. "பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் சோப்புத்தூள்..."

"எவ்வளவு?"

"பக்கெட்டுக்கு. பக்கெட்டுக்கு."

அவர் காதில் 'பாக்கெட்டு' என்று விழுந்தது. ஒரு பாக்கெட் சோப்புத்தூளைக் கரைத்து முப்பத்தாறு கன்றுக்கும் அடித்தார். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தபோது முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை நின்றது. நுரை வடிய ஒரு நாள் ஆயிற்று. வடிந்தபின் கன்றுகள் மஞ்சள் பூத்துத் தலை சாய்த்திருந்தன. புழுக்கள் மட்டும் சாகவில்லை. குளித்து முழுகியதுபோல் பளிச்சென்று ஊர்ந்துகொண்டிருந்தன.

உள்ளே நடந்த வேலையும் இதற்குச் சளைத்ததாக இல்லை. பழைய படுக்கை விரிப்புகளைத் திரைச்சீலையாக்கக் குளியலறையில் ஊறவைத்து மூன்று நிறத்தில் சாயம் ஏற்றினார். விரிப்பில் ஏறியதைவிட அவர் கையில் ஏறியது அதிகம். முழங்கை வரைக்கும் இரண்டு கையும் பீட்ரூட் நிறமாகி, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. கடையில் சாமான் வாங்கப் போனால் மற்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

மிச்சத் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, பின்னல் போட்டு, சுற்றிச் சுற்றித் தைத்துத் தரைவிரிப்பு ஒன்று செய்தார். உறுதியாக இருக்கட்டும் என்று இழுத்து இழுத்துத் தைத்ததில் ஓரமெல்லாம் மேலே எழும்பிக்கொண்டது.

"இது என்ன சார், கூடையா?" என்றார் பார்க்க வந்த தரகர்.

"விரிப்பு."

"விரிப்புன்னா விரியணுமே சார்."

மீட்டர்காரர் அதை ஒரு காலால் மிதித்துக் காட்டினார். காலை எடுத்ததும் அது திரும்பவும் எழுந்துகொண்டது. "சரி, கூடைன்னே வெச்சுக்கலாம்," என்று தரகர் தாம் கையோடு வாங்கி வந்திருந்த ஒரு பூசணிக்காயை அதற்குள் தூக்கி வைத்தார்.

சுவருக்கு ஒரு தொங்கல் வேண்டியிருந்தது. மனைவியின் பெட்டியைக் கிளறியதில் மஞ்சளும் பச்சையுமாகக் கம்பளி நூலுருண்டைகள் கிடைத்தன. மூன்று பகல் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் கோலில் கட்டித் தொங்கவிட்டார். அன்றைக்கே போன் வந்தது.

"ஏங்க, என் பெட்டியில மஞ்சளும் பச்சையும் கம்பளி நூல் இருக்கும். பத்திரமா எடுத்து வைங்க. குளிர் வர்றதுக்குள்ள பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் பின்னணும்."

மீட்டர்காரர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். இருநூற்றுப் பதினாறு முடிச்சு. ஒவ்வொன்றையும் பிரித்தால் ஒரு சாண் நூல் வரும்.

"பத்திரமாத்தான் இருக்கு," என்றார்.

பார்ட்டி வர இரண்டு நாள் இருந்தது. தோட்டத்தில் காட்டுவதற்கு நுரை தின்ற முட்டைக்கோஸ்தான் இருந்தது. மீட்டர்காரர் பையைத் தூக்கிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனார்.

"முட்டைக்கோஸ் முப்பத்தாறு வேணும். வேரோட இருந்தா நல்லது."

கடைக்கார அம்மா அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "முப்பத்தாறா? வீட்ல விசேஷமா?"

"விசேஷம் இல்ல. நடறதுக்கு."

"இதை நட்டா முளைக்காதுங்களே."

"முளைக்க வேண்டாம்மா. நின்னா போதும்."

அவள் முப்பத்தாறையும் எண்ணிப் போட்டாள். ஒரு முட்டைக்கோஸைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள்.

ஒவ்வொன்றின் அடியிலும் குச்சியைச் செருகி, மண்ணில் ஊன்றி, சுற்றிலும் உதிர்ந்த இலைகளைப் பரப்பினார். சனிக்கிழமை மத்தியானம் முடிந்தது. மூன்று மணிக்கு மழை. திறந்திருந்த ஜன்னல் வழியே சாரல் அடித்து, சாயமேற்றிய திரைச்சீலைகள் நனைந்து, கூடத்துச் சுவரெல்லாம் மூன்று நிறம் கோடு கோடாக வழிந்தது. துடைத்தபோது மூன்றும் கலந்து நாலாவதாக ஒரு நிறம் வந்தது.

மீட்டர்காரர் துணியைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். போனை எடுத்தார்.

"என்னால முடியலம்மா."

மனைவி எதையும் கேட்டுத் திட்டவில்லை. "நாளைக்கு வர்ற ஆளை மட்டும் பாருங்க. அதுவும் ஆகலன்னா நான் இதுங்களை விட்டுட்டு வந்துடறேன்," என்றாள்.

"வேணாம். அப்புறம் அதுங்க உன்னையும் மறந்துடும்."

அவள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டு, துணியை எடுத்து, நாலாவது நிறத்தையே சுவர் முழுக்கச் சீராக இழுத்துவிட்டார். வேறு வழி தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தரகர் முன்னதாகவே வந்துவிட்டார். சுவரைப் பார்த்துவிட்டு, "அட, இதுவும் நல்லாத்தான் சார் இருக்கு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம். விக்கத் துடிக்கிற மாதிரி காட்டிக்காதீங்க. மனசே இல்லாம விக்கிற மாதிரி பேசுங்க. அப்பதான் வாங்கறவங்களுக்கு ஆசை வரும்."

"எனக்கு நடிக்க வராதே தம்பி."

"சும்மா, 'இந்த வீட்டை விட்டுப் போறதை நினைச்சாலே'ன்னு ஆரம்பிங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

முதலாளி பத்து மணிக்கு வந்தார். கைத்தடி ஊன்றிய பெரிய உருவம். எழுபது வயது இருக்கும்.  கூடையாகிப்போன விரிப்பின் முன் நின்றார். கம்பளித் தொங்கலின் முடிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பின்கதவைத் திறந்து தோட்டத்தில் இறங்கினார்.

மதிலோரம் முழுக்க அடர்த்தியாக முள்ளங்கி இலை பச்சைப் பசேலென்று நின்றது. அடித்துப்போன விதை, யாரும் கவனிக்காததால் நன்றாக வளர்ந்திருந்தது. கன்றுகளைத் தாண்டி மீட்டர்காரர் பார்வை அதுவரை போனதில்லை. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, குனிந்து முன்வரிசை முட்டைக்கோஸ் ஒன்றைத் தொட்டார். அது குச்சியோடு மெல்லச் சாய்ந்தது. 

முதலாளி கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு அதை நிமிர்த்தி வைத்தார். சுற்றிலும் மண்ணைக் கூட்டி இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதெல்லாம் யார் செஞ்சது?"

"நான்தாங்க."

அவர் பார்வை மீட்டர்காரரின் பீட்ரூட் கைகளில் போய் நின்றது. தரகர் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தார்.

"இந்த வீட்டை விட்டுப் போறதை நினைச்சாலே..." என்று ஆரம்பித்தார் மீட்டர்காரர். சொன்னதும் ரயிலும், அந்த இரண்டறை வீடும், தன்னைப் பார்த்தால் அழப்போகிற இரண்டு குழந்தைகளும் கண்முன் வந்து நின்றன. எத்தனை மாதமாக இப்படிப் போவதையே நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியதும் பேச்சு நின்றுவிட்டது. கண்ணீர் தாரை தாரையாக வந்தது. நிறுத்த முடியவில்லை.

"சார் இந்த வீட்டு மேல உயிரையே வெச்சிருக்காருங்க," என்றார் தரகர்.

முதலாளியின் கண்களும் கலங்கின. அந்தச் சிவந்த கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்க," என்று மட்டும் சொன்னார். திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறினார்.

"முடிஞ்சுது சார்," என்றார் தரகர். "முதலாளி அழுது நான் பார்த்ததே இல்ல. பெட்டியைக் கட்டுங்க."

மீட்டர்காரர் கூடத்துக்குத் திரும்பி வந்து மனைவிக்குப் போன் போட்டார். "நான் வர்றேம்மா," என்றார்.  அந்தப் பக்கம் அவள் குழந்தைகளிடம் என்னவோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். முதலாளியின் டிரைவர். வயதானவர்.

"ஐயா கைத்தடியை மறந்து வெச்சுட்டாருங்க."

தரகர் தோட்டத்திலிருந்து தடியை எடுத்து வந்து கொடுத்தார். "பத்திரம் எழுத என்னைக்கு வரச் சொன்னாரு?"

"பத்திரமா? ஐயா வண்டியில உக்காந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்காரு. 'இவ்வளவு ஆசையா வாழற மனுஷனைக் கிளப்பிட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும், வேற இடம் பாருங்க'ன்னுட்டாரு."

தரகர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். மீட்டர்காரரின் கையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"அப்ப, அவருக்கு இந்த இடம் பிடிக்கலையா?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

"பிடிக்காமலா. ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே மதில் வழியா எட்டிப் பார்த்துட்டு, 'ஒரு செடி இல்ல, ஒரு கலர் இல்ல, மனசு கூசாம இடிச்சுத் தள்ளிட்டு லாரி நிறுத்தலாம்'னு சொல்லி, இன்னைக்கு முன்பணத்தோடதான் வந்தாரு."