மீனுக்குப் போட்ட வளையல்

வயிறு பார்த்துச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மரக்காணம் உப்பளத்தில் ஒருத்தி உப்பு வாரக் குனிகிற தினுசைப் பார்த்தே, முழுகாமல் இருக்கிறாளா என்று சொல்லிவிடுவேன். (அவள் புருஷனுக்கே அப்புறம்தான் தெரியும்.) அதனால் எங்கள் தெருவில் எந்த வளைகாப்பு என்றாலும் முதல் வளையல் என் கையால்தான்.

தங்கச்சி மகள் ஸ்டெல்லாவுக்கும் அப்படித்தான் முடிவாகியிருந்தது. அவள் மாமியார் பிலோமினாவுக்கு அதில் இஷ்டமில்லை. "வீட்டுக்காரி நான் இருக்கேன்ல?" என்று காலையிலிருந்தே முனகல்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லாவின் புருஷன் கடற்கரையிலிருந்து ஒரு பக்கெட்டோடு வந்தான். வலையில் சிக்கிய பாசிக் கொத்துக்குள் ஒரு மீன். பென்சிலைவிட ஒல்லி. உடம்பெல்லாம் கட்டுக் கட்டாக, எலும்பைச் சட்டையாகப் போட்டுக்கொண்ட மாதிரி. மூஞ்சி ஊதுகுழல். இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பின. ஒன்று என்னைப் பார்த்தது, ஒன்று பிலோமினாவை. இத்தனை வருஷம் இந்தக் கரையில் இருந்தும் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடிப்பக்கம் புடைத்திருந்தது.

"அடியே, இவ நிறைமாசக்காரி!" என்றேன்.

"வயிறு முன்னாடி இல்ல இருக்கணும்? இது வால்கிட்ட வீங்கிக் கெடக்குது" என்றாள் பிலோமினா.

"இறங்கிடுச்சு சம்பந்தி. நாள் நெருங்கிடுச்சுன்னு அர்த்தம்." (எதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருக்கும்.)

அதோடு விட்டேனா? நல்ல நாளில் வீடு தேடி வந்த பிள்ளைத்தாய்ச்சி என்று, தட்டிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்துப் பக்கெட்டுக்குள் போட்டேன். மீன் மெதுவாக நீந்தி வந்து அதற்குள் நுழைந்து நின்றது. கூடியிருந்த பெண்கள் கை தட்டினார்கள். நான் பிலோமினாவை ஒரு பார்வை பார்த்தேன்.

அவள் மகள் ரோஸி புதுச்சேரியில் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிறவள். எட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா, இது ஆம்பள."

"இன்னாடி சொல்ற?"

"குழல்மீன். பவளப்பாறை, கடல்புல் இருக்கற எடத்துல வாழும். பாசியோட மிதந்து இங்க வந்திருக்கு. இதுல ஆம்பளதான் சுமப்பான். வாலுக்கடியில பை இருக்குது பாருங்க."

"அப்ப ஆத்தா எங்க?"

"முட்டைய இவன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டா."

"போயிட்டாளா?" என்றேன். "இப்படி ஒரு வழி இருக்குதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே!"

பிலோமினா சிரித்த சிரிப்பில் சந்தனக் கிண்ணம் உருண்டது. "ஆம்பளைக்கு வளைகாப்பு நடத்துன கையா எம் மருமவளுக்கு மொத வளையல் போடப் போவுது?"

அந்நேரம் மீனின் அடிமடிப்பு விரிந்தது. நூல் துண்டு மாதிரி ஒன்று, இன்னொன்று, அப்புறம் ஒரு கூட்டம். ஒவ்வொன்றும் பிறந்த கையோடு தானாக நீந்தியது. எல்லாரும் பக்கெட்டைச் சுற்றிக் குனிந்தார்கள். அப்பன்காரன் அசையாமல் நின்றான். அவமானமெல்லாம் மறந்து நான் பக்கெட்டுக்குள்ளேயே தலையை விட்டிருந்தேன்.

ரோஸி எல்லாவற்றையும் பாசியோடு கடலில் விட எடுத்துப் போனாள். பிலோமினா வளையல் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான் எழுந்து ஓரமாகப் போகப் பார்த்தேன்.

ஸ்டெல்லா என் முன்னால் கையை நீட்டினாள்.

"பெரியம்மா, நான் பொம்பளதான். தைரியமா போடு."

இப்போதும் எங்கள் தெருவில் முதல் வளையல் நான்தான் போடுகிறேன். ஆனால் எவளும் "நான் பொம்பளதான்" என்று சத்தியம் செய்யாமல் கையை நீட்டுவதில்லை. பக்கத்தில் சர்ச் சாமியார் நின்றாலும் விடுவதில்லை.